இரத்தக் கொதிப்பும் இருதயக் கணக்கும்

இரத்தக் கொதிப்பு என்கின்ற பேச்சு இப்பொழுது பட்டணம் பட்டிக்காடு என்கின்ற வித்தியாசமில்லாமல் எங்கும் பரவிவிட்டது. திண்ணையிலும், டீக்கடையிலும், கல்யாணப் பந்தியிலும் "எனக்கு 150 இருக்கிறது", "எனக்கு 170 இருந்தது, இப்பொழுது 140க்கு வந்துவிட்டது" என்று, சொந்த நிலத்தின் விஸ்தீரணத்தைச் சொல்லுவதுபோல மக்கள் எண்களைச் சொல்லிக்கொள்ளுகின்றார்கள். சரி, அந்த 150 என்பதால் உமக்கு என்ன நேரக்கூடும், எவ்வளவு தூரம் நேரக்கூடும் என்று கேட்டால் அனேகரிடம் பதில் இருப்பதில்லை. ஒன்று, "உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தானே இருக்கின்றேன்" என்பார்கள். இல்லாவிட்டால் "எல்லாம் தலையில் எழுதினபடிதான்" என்பார்கள். கேட்பதற்கு இவை இரண்டு பதில்களாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றேதான். இரண்டிலும் கணக்குப் பார்க்கின்ற வேலை மிச்சமாகிவிடுகின்றது.

முதலாவது, கொதிப்பு என்கின்ற பெயரே பாதிக் கெடுதலைச் செய்துவிட்டது. இரத்தம் ஒன்றும் உலைநீரைப்போலக் கொதிப்பதில்லை. இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மேல் விழும் அழுத்தம் மேல் எண். இருதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். அவ்வளவுதான் சங்கதி. பெயரைக் கேட்டவர்கள் கோபக்காரனுக்குத்தான் இது வரும் என்றும், வந்தால் தலை சுற்றும், காது அடைக்கும், உடம்பு தகிக்கும் என்றும் எண்ணிக்கொண்டு, இவை ஒன்றும் இல்லாததால் தங்களுக்கு வியாதியும் இல்லையென்று தீர்மானித்து விடுகின்றார்கள். இந்த வியாதி பெரும்பாலோருக்கு அடையாளம் ஏதும் காட்டாது. வருஷக்கணக்காகக் குழாய்களைத் தடிக்கச் செய்து, இருதயத்தின் சதையைப் பெருக்கி, சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும்போதும் மனிதன் வயலுக்கும் கச்சேரிக்கும் போய் வந்துகொண்டுதான் இருப்பான்.

இரண்டாவது, மனிதனை அடிப்பது 150 என்கின்ற எண் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், இருதயம் ஓய்ந்துபோதல், சிறுநீரகக் கேடு ஆகிய இவைகள்தான் அடிக்கின்றன. அந்த அடி யார்மேல் எவ்வளவு தூரம் விழக்கூடும் என்பதை அழுத்தத்தின் எண் மாத்திரம் தனியாகச் சொல்லிவிடாது. 150 உள்ள இரண்டு பேர் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒருவர் 42 வயதுப் பெண், புகையில்லை, சர்க்கரையில்லை. மற்றவர் 63 வயது ஆண். பீடி உண்டு, சர்க்கரை உண்டு, இரத்தத்தில் கொலஸ்ட்ராலும் அதிகம். எண் ஒன்றேயானாலும் அடுத்த 10 வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய அபாயம் இவருக்கு அவரைப்போலப் பல மடங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைத்தான் வைத்திய சாஸ்திரம் இப்பொழுது முக்கியமாகச் சொல்லுகின்றது. இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பது தெரிந்துகொள்ளத்தக்க கதையாகும்.

அமெரிக்க நாட்டின் ஜனாதிபதியாயிருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை 1944ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹோவர்டு புரூன் என்கின்ற இருதய வைத்தியர் சோதித்தபோது அழுத்தம் 186க்கு 108 இருந்தது. இருதயம் பெருத்து, ஓயத் தொடங்கியிருந்தது. ஆனால் அவரது சொந்த வைத்தியரோ மூக்கு தொண்டை வைத்தியர். அவர் ஊராருக்கெல்லாம் ஜனாதிபதி சுகமாக இருப்பதாகவே சொல்லி வந்தார். அவ்வருஷம் நவம்பரில் ஜனங்கள் அவரை நான்காம் முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1945ஆம் வருஷம் ஏப்ரல் 12ந் தேதி பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லி விழுந்தார். அப்போது அழுத்தம் 300க்கு மேல். அன்றே மாண்டார், வயது 63. மேகமில்லாத வானத்திலிருந்து இடி விழுந்ததுபோல் ஆயிற்று என்று அந்தச் சொந்த வைத்தியர் சொன்னார். வானம் ஒரு வருஷத்துக்கு மேலாகவே கறுத்திருந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. உலகத்தின் பெரிய ராஜ்யமொன்றின் தலைவர், வேண்டிய வைத்தியரை வேண்டிய நேரத்தில் அழைக்கக்கூடியவர், தமது அபாயத்தின் அளவு இன்னதென்று தமது ஜனங்களுக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார் என்றால், கூலிக்காரன் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் அந்தக் காலத்து வைத்தியர்களை மாத்திரம் குற்றம் சொல்லுவது நியாயமாகாது. வயதோடு 100ஐக் கூட்டினால் வருகின்ற எண் சரியான அழுத்தம் என்பது அக்காலத்தில் சாதாரண அபிப்பிராயம். குழாய்கள் தடித்துவிட்டபடியால் இரத்தம் போய்ச் சேர அதிக அழுத்தம் தேவைதான், அதைக் குறைப்பதே ஆபத்து என்று எண்ணினவர்கள் படித்த பெரிய பேராசிரியர்களே. 1931ஆம் வருஷத்தில் லிவர்பூல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் ஹே என்பவர், அழுத்தம் அதிகமுள்ளவனுக்கு உள்ள பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதுதான், கண்டுபிடித்தால் எவனாவது ஒரு மடையன் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்கின்ற கருத்துப்பட எழுதினார். படிப்பும் பதவியும் அபிப்பிராயத்தைச் சரியாக்கி விடுவதில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேடவேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை வைத்தியர்களில் அனேகர் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்க்கும் வேலை 1948ஆம் வருஷத்தில் தொடங்கிற்று. ரூஸ்வெல்ட்டுக்குப் பின்வந்த ட்ரூமன் அவ்வருஷம் ஜூன் மாதத்தில் இருதய ஆராய்ச்சிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பாஸ்டன் பட்டணத்துக்கு மேற்கே சுமார் 20 மைலில் பிராமிங்ஹாம் என்று ஓர் ஊர். அந்த ஊரிலிருந்து ஆணும் பெண்ணுமாக 5,209 பேரைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் நோயாளிகள் அல்ல, சாதாரண ஜனங்கள். இரண்டு வருஷத்துக்கொருமுறை ஒவ்வொருவரையும் அழைத்து அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைபிடிக்கும் வழக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, எவருக்கு மாரடைப்பு வருகின்றது, எவருக்கு வரவில்லை என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். மருந்தில்லை, அறுவையில்லை, எழுதிவைப்பதும் காத்திருப்பதுமே வேலை. 1961ஆம் வருஷத்தில் வில்லியம் கானெல் முதலியோர் முடிவுகளை வெளியிட்டு, "அபாயக் காரணங்கள்" என்கின்ற சொற்றொடரை வைத்தியர்கள் வாயில் ஏற்றினார்கள். அழுத்தம் ஒரு காரணம், கொலஸ்ட்ரால் ஒரு காரணம், இவை ஒன்றோடொன்று சேரும்போது அபாயம் ஏறிக்கொண்டே போகின்றது என்று கண்டார்கள். கீழ் எண்தான் முக்கியம், மேல் எண் வயதானால் ஏறுவது சகஜம் என்கின்ற பழைய நம்பிக்கையும் 1971ஆம் வருஷத்தில் இந்த ஊர்க் கணக்கினாலேயே தகர்ந்தது. அவ்வருஷத்திலேயே அந்த ஜனங்களின் பிள்ளைகளையும், 2002 முதல் பேரப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகத் தன் உடம்பை உலகத்துக்குப் பாடப்புத்தகமாகக் கொடுத்திருக்கின்றது. கோபுரம் கட்டிப் பெயர் வெட்டிக்கொண்ட ஊர்கள் எத்தனையோ உண்டு. இந்த ஊருக்குச் சமமாக அவைகளில் எதை வைப்பதென்று நமக்கு விளங்கவில்லை.

அழுத்தத்தைக் குறைத்தால் ஆபத்து என்ற வாதத்துக்கு 1967ஆம் வருஷத்தில் விடை கிடைத்தது. எட்வர்டு பிரைஸ் என்பவர் தலைமையில், போரிலிருந்து திரும்பியவர்களுக்கான அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் கீழ் எண் 115 முதல் 129 வரையுள்ள 143 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மெய் மருந்தும் மற்றப் பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடு வந்தது. மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு மாத்திரம். அதற்குப் பிறகும் வாதாடினவர்கள் பழக்கத்தினால் வாதாடினார்களேயொழிய ஆதாரத்தினால் அல்ல. 2002ஆம் வருஷத்தில் 61 ஆராய்ச்சிகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், 40 முதல் 69 வயதுக்குள் மேல் எண் 115க்கு மேல் ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வரும் சாவு இரட்டிப்புக்கு மேலாகின்றது என்று தெரிந்தது. கவனிக்க வேண்டும்: 140 என்பது ஒரு மதில் அல்ல. 139க்கு மோட்சமும் 141க்கு நரகமும் ஏற்படவில்லை. ஏணியைப்போலப் படிப்படியாக ஏறுகின்ற சங்கதி இது.

இனி, அபாயக் கணக்கு எதற்கு என்பதைச் சொல்லுகின்றோம். 2016ஆம் வருஷத்தில் 123 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், மேல் எண் 10 குறைந்தால் பெரிய இருதய, இரத்தக்குழாய்க் கேடுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று கண்டார்கள். இந்த ஐந்தில் ஒன்று ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. ஆனால் எதில் ஐந்தில் ஒன்று? அங்கேதான் கணக்கு இருக்கின்றது. 10 வருஷத்தில் 100க்கு 5 பேருக்குக் கேடு வரக்கூடிய கூட்டத்தில் 100 பேருக்கு மருந்து கொடுத்தால் 5 என்பது 4 ஆகும், ஒருவர் தப்புவார். 100க்கு 30 பேருக்கு வரக்கூடிய கூட்டத்தில் அதே மருந்தை அதே 100 பேருக்குக் கொடுத்தால் 30 என்பது 24 ஆகும். ஆறு பேர் தப்புவார்கள். மருந்து ஒன்று, செலவு ஒன்று, பலன் ஆறு மடங்கு. ஆகவே கையிலுள்ள மருந்தையும் பணத்தையும் டாக்டரின் நேரத்தையும் முதலில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு அழுத்தத்தின் எண் மாத்திரம் போதாது. அபாயம் அதிகமுள்ளவனுக்கு அழுத்த மருந்தோடு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையும் வேண்டுமா, சர்க்கரையை எவ்வளவு கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும், எத்தனை மாதத்துக்கொருமுறை வரச்சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கைக் கொண்டே தீர்மானிக்கப்படவேண்டும்.

இதை முதலில் துணிந்து சட்டமாக்கிக்கொண்டவர்களில் நியூசிலாந்து நாட்டார் முக்கியமானவர்கள். 1993ஆம் வருஷத்திலேயே எண்ணைப் பார்த்து மாத்திரம் மருந்து கொடுக்காமல் மொத்த அபாயத்தையும் பாருங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பிற்பாடு பிரிட்டனில் கியூரிஸ்க், ஐரோப்பாவில் ஸ்கோர் என்று பல கணக்குகள் வந்தன. நமக்கு மிகவும் உபயோகமானது உலக சுகாதார நிறுவனம் 2019இல் திருத்தி வெளியிட்ட படங்களாகும். உலகத்தை 21 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் போட்டிருக்கின்றார்கள். தெற்கு ஆசியாவுக்கும் ஒன்று உண்டு. 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஆணா பெண்ணா, வயதென்ன, புகை உண்டா, சர்க்கரை வியாதி உண்டா, மேல் எண் என்ன, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்த்துக் கட்டத்தில் விரலை வைத்தால் 10 வருஷ அபாயம் அதிலேயே எழுதியிருக்கும். 100க்கு 5க்குக் கீழென்றால் பச்சை. 5 முதல் 10 வரை மஞ்சள். பிறகு ஆரஞ்சு, சிவப்பு. 30க்கு மேல் கருஞ்சிவப்பு. இரத்தம் எடுத்துச் சோதிக்க வசதியில்லாத ஊருக்கு இரண்டாவது படம் ஒன்றுண்டு. அதில் கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஓர் அளவு நாடா, ஒரு தராசு, ஓர் அழுத்தக் கருவி, ஒரு காகிதம், இவ்வளவே மூலதனம்.

இது நல்ல வேடிக்கை, நீங்களும் கட்டம் போட்டுத்தானே பலன் சொல்லுகின்றீர்கள், ஜோசியனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். ஜாதகக் கட்டத்தில் பிறந்த நேரத்தை மாற்ற முடியாது. இந்தக் கட்டத்தில் பீடியை விட்டவன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வந்துவிடுகின்றான், அழுத்தம் குறைந்தவன் ஒரு வரிசை கீழே இறங்கிவிடுகின்றான். ஜோசியன் இன்னாருக்கு இன்ன தேதியில் கண்டம் என்பான். இந்தக் கணக்கோ உங்களைப் போன்ற 100 பேரில் 20 பேருக்கு வரும், அந்த 20இல் நீங்கள் ஒருவரா என்பது எனக்குத் தெரியாது என்று தன் அறியாமையின் அளவையும் சேர்த்தே சொல்லுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலன் தப்பினால் ஜோசியன் பரிகாரம் சொல்லுவானேயன்றிப் பஞ்சாங்கத்தைத் திருத்தமாட்டான். பிராமிங்ஹாம் கணக்கு வேறு நாட்டு ஜனங்களிடத்தில் அபாயத்தைக் கூட்டிக் காட்டுகின்றது என்று தெரிந்தவுடன் கணக்கையே திருத்தினார்கள்.

திருத்தின கதைகளில் ஒன்றை நம் தோழர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கில் வெள்ளையருக்கு ஒரு சமன்பாடு, கறுப்பருக்கு ஒரு சமன்பாடு என்று இரண்டு வைத்திருந்தார்கள். இரண்டிலும் சேராத நம்மைப் போன்றவர்கள் வெள்ளையருடைய கணக்கில் உட்காரவேண்டும் என்று ஏற்பாடு. ஒருவன் தோலின் நிறம் அவன் இருதயத்துக்கு எப்படித் தெரியும்? கறுப்பருக்கு அபாயம் அதிகமாகத் தோன்றுவதற்கு அவர்கள் வாழும் வீடும், தின்னும் சோறும், கிடைக்காத வைத்தியமும் காரணமா, பிறப்பு காரணமா என்று கேட்கவேண்டியவர்கள் கேட்டார்கள். 2023ஆம் வருஷத்தில் பிரிவென்ட் என்கின்ற புதுக் கணக்கு வந்தது. 60 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரத்தைக் கொண்டு செய்த இந்தக் கணக்கில் இனம் என்கின்ற கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைச் சேர்த்தார்கள். வேண்டுமானால் குடியிருக்கும் பகுதியின் ஏழ்மையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரிட்டிஷ் கியூரிஸ்க் கணக்கில் இன்னும் இந்தியர், பாகிஸ்தானியர் என்ற பிரிவுகள் உண்டு. ஆனால் ஒருவர் வசிக்கும் பேட்டையின் வறுமையும் அதில் ஆதிமுதலே கணக்கில் ஏறியிருக்கின்றது. ஏழ்மை மாரடைப்புக்கு ஒரு காரணம் என்று எண்ணிக்கையில் எழுதி வைத்துவிட்டார்கள் என்பதை நம் ஊர்ப் பிரபுக்கள் கவனிப்பார்களாக.

தெற்கு ஆசியக்காரர்களுக்குப் பிறவியிலேயே இருதயம் பலவீனம் என்று ஒரு பேச்சு உலாவுகின்றது. நமக்கு மாரடைப்பு சீக்கிரம் வருகின்றது என்பது மெய்தான். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு வருகின்ற நடுத்தர வயது தெற்கு ஆசியாவில் 53 ஆகவும் மற்ற இடங்களில் அதைவிட ஐந்தாறு வருஷம் அதிகமாகவும் இருந்தது. ஆனால் காரணத்தைத் துருவிப் பார்த்தபோது அதே ஒன்பது சங்கதிகள்தான் எல்லா நாட்டிலும் அகப்பட்டன: புகை, கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனக்கவலை, பழம் காய்கறி தின்னாமை, உழைப்பின்மை, மது. நம்மவர்களுக்கு இவைகள் இளவயதிலேயே அதிகமாயிருக்கின்றன. அதுவே சீக்கிரம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் என்று 2007இல் அவ்வாராய்ச்சிக்காரர்களே விளக்கிவிட்டார்கள். பிறவிக் குற்றம் என்று சொல்லி ஒரு கூட்டத்தாரைக் கைகழுவுவது நமக்குப் புதிதல்ல. அதை நம் வாயாலேயே நம் இருதயத்துக்கும் சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கின்றோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சைக் கட்டம் வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அழுத்தம் 140க்கு 90 என்ற அளவில் நிலைத்துவிட்டால் அபாயக் கணக்கு என்னவாயிருந்தாலும் மருந்து வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லியிருக்கின்றது. கணக்கு முக்கியமாக உதவுவது 130க்கும் 140க்கும் நடுவில் நிற்பவர்களுக்கு. அவர்களில் முன்பே மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுக்கும், சர்க்கரை, சிறுநீரகக் கேடு உள்ளவர்களுக்கும், கணக்கில் அபாயம் அதிகமாக வந்தவர்களுக்கும் மருந்து வேண்டியிருக்கும். மற்றவர்கள் உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, நடந்து பார்க்கலாம். அமெரிக்காவில் 2025இல் வெளியான விதிகளும் 130க்கு மேல் நிற்பவர்களைப் பிரிவென்ட் கணக்கால்தான் பிரிக்கின்றன. 10 வருஷ அபாயம் 100க்கு 7½ ஆனால் மருந்துக் கூட்டத்தில் சேர்க்கின்றன. ஒருமுறை மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் படத்தில் விரல் வைக்கவே வேண்டியதில்லை. அவர்கள் அபாயத்தின் உச்சியில் ஏற்கெனவே நிற்கின்றவர்கள்.

கணக்கு ஏமாற்றக்கூடிய இடம் இளவயது. வயதுதான் இதில் பெரிய பாரமாகையால் 35 வயதுக்காரன் எவ்வளவு புகைபிடித்தாலும் 10 வருஷ அபாயம் சின்ன எண்ணாகவே வரும். அவன் அதைக் கண்டு மகிழ்ந்து இன்னொரு கட்டு வாங்குவான். இதற்காகத்தான் புதுக் கணக்கில் 30 வருஷ அபாயத்தையும் சேர்த்துக் காட்டுகின்றார்கள். பெண்கள் விஷயமும் அப்படியே. கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறி வலிப்பு வரை போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இருதய வியாதி வரக்கூடிய அபாயம் மற்றவர்களைவிட அதிகம். பிள்ளை பிறந்ததோடு தொந்தரவு தீர்ந்தது என்று வீட்டார் மறந்துவிடுகின்றார்கள். பிரசவ ஆஸ்பத்திரியும் மறந்துவிடுகின்றது. மேற்சொன்ன உலகப் படத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. ஆகையால் சொல்லவேண்டியவள் அந்தப் பெண்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் எனக்குப் பிரசவத்தின்போது இப்படியிருந்தது என்று 20 வருஷம் கழித்தும் சொல்லவேண்டும்.

அளப்பதிலேயே தப்பு நேர்ந்தால் கணக்கு முழுவதும் தப்பு. 1896இல் இத்தாலிக்காரரான ரிவா-ராச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியையும், 1905இல் ருஷியரான கொரட்காவ் குழாய் வைத்துச் சத்தம் கேட்கும் முறையையும் கொடுத்தார்கள். 100 வருஷத்துக்கு மேலாகியும் நம் இடங்களில் வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தவனை நிற்கவைத்து, சட்டைக் கையை இறுகச் சுருட்டி, அவனோடு பேசிக்கொண்டே அளக்கின்றார்கள். ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, கை இருதய மட்டத்தில் இருக்க, பேசாமல், மூத்திரத்தை அடக்கிக்கொள்ளாமல், அரைமணிக்குள் காப்பியோ புகையோ இல்லாமல் இரண்டு தரம் அளந்தால்தான் அது அளவு. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். டாக்டரைக் கண்டதும் ஏறி, வீட்டில் சரியாயிருப்பவரும் உண்டு; அதற்கு நேர் எதிரிடையாக, ஆஸ்பத்திரியில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் இருப்பவர் உண்டு. பின்னவர்தான் ஆபத்துக்காரர். வீட்டில் அளக்கும்போது 135க்கு 85 என்பதையே எல்லையாகக் கொள்ளவேண்டும்.

சோதனைகள் விஷயத்தில் ஏழைகளை மிரட்டும் வியாபாரம் ஒன்று வளர்ந்து வருகின்றது. அழுத்தம் உள்ளவனுக்கு முதலில் வேண்டியவை சொற்பம்: இரத்தத்தில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின், ஒரு ஈ.சி.ஜி. சிறுநீரில் ஆல்புமின் வந்தால் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றும், ஈ.சி.ஜி.யில் இருதயச் சதை தடித்திருந்தால் இருதயத்தைத் தொட்டுவிட்டது என்றும் அர்த்தம். அப்போது கணக்கில் வந்த எண்ணுக்கு மேலாகவே அபாயத்தை மதிக்க வேண்டும். கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதும் நல்லது. தோலை அறுக்காமல் இரத்தக் குழாயைக் கண்ணால் காணக்கூடிய இடம் அது. இவ்வளவும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செய்யக்கூடிய காரியங்களே. இவைகளை விட்டுவிட்டு, வாசலில் கால் வைத்தவுடனே "முழு உடம்புச் சோதனை" என்று விலை போட்டு, ஒருவனுடைய வயதையும் பீடியையும் கூடக் கேட்காமல் இயந்திரத்துக்குள் படுக்கவைப்பது வைத்தியமாகாது. இருதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதை அளக்கும் ஸ்கேனுக்கும் இடம் உண்டு. கணக்குப் போட்டும் மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று நடுவில் தொங்குகின்றவருக்கே அது உதவும். கணக்கே போடாதவருக்கு அது என்னத்தைச் சொல்லும்?

நம் தமிழ் நாட்டில் 2021ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று ஆரம்பித்து, வீடு தேடிப் போய் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரையும் கொடுத்து வருகின்றார்கள். மெச்சத்தக்க காரியம். படி இறங்க முடியாத கிழவியின் வீட்டுக்கு அளவு கருவி வருவது சாமானியமல்ல. நாம் கேட்பது அதற்கு மேல் ஒரு படி. அளந்த எண்ணை அட்டையில் எழுதும்போது அதன் பக்கத்தில், இந்த அம்மாளுக்கு 10 வருஷத்தில் 100க்கு இவ்வளவு அபாயம், பீடியை விட்டால் இந்தப் பெரியவருக்கு இவ்வளவாகக் குறையும் என்பதையும் தமிழில் எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். மாத்திரையை ஏன் தின்கின்றோம் என்று தெரியாதவன், தலைவலி இல்லாத மாதத்தில் அதை நிறுத்திவிடுவான். அவனைக் கோபித்துப் பயனில்லை, அவனிடம் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை. "உனக்கு ஏன் அதெல்லாம், கொடுத்ததைச் சாப்பிடு" என்று சொல்லும் டாக்டர்களுக்கும், மந்திரத்தின் அர்த்தம் உனக்கு எதற்கு என்கின்ற புரோகிதருக்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்றியும் தெற்கு ஆசியப் படத்தைத் தமிழாக்கி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும், பஞ்சாயத்து வாசகசாலையிலும், நம் மன்றங்களிலும் பெரிதாக ஒட்டலாம். அதற்குப் பக்கத்தில் ஓர் எடைக் கருவியும், உயரம் பார்க்கச் சுவரில் ஒரு கோடும், ஓர் அழுத்தக் கருவியும் இருந்தால் போதும். நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் உப்பை அளந்து போட்டு அங்கேயே வைத்துக் காட்டலாம்; ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி என்பதையும் எழுதி வைக்கவேண்டும். மன்றங்களை நடத்தும் தோழர்கள் இம்மாதத்திலேயே 40 வயதுக்கு மேற்பட்ட தங்கள் அங்கத்தினர்களைக் கூப்பிட்டு, ஆண் பெண் அடங்கலும் ஒவ்வொருவராக அளந்து, ஒவ்வொருவர் கட்டத்தையும் அவரவர் கையில் எழுதிக் கொடுக்கலாம். ஆரஞ்சும் சிவப்பும் வந்தவர்களைத் தனியே விடாமல் கூடவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒருவரையும் ஏற்பாடு செய்யவேண்டும்.